ஆற்றுப்படுத்தும் கல்வி

நுழையும்முன்

உடலில் காயம் பட்டால் அதன் ஆழத்தைக் கண்ணால் காண்கிறோம். உள்ளத்தில் பட்ட காயத்தையோ உரியவர் சொல்லக் கேட்டே அறிய முடியும். அவ்வாறு கேட்பதற்கும் ஒரு கல்வி உண்டு. அக்கல்வி இன்று பல்கலைக்கழகங்களில் முறையாகப் பயிற்றுவிக்கப்படுகிறது. உளவியலும் ஆற்றுப்படுத்தும் திறன்களும் எவ்வாறு கற்பிக்கப்படுகின்றன, அவற்றைப் பயில்வோர் எதனைக் கற்றுக்கொள்கின்றனர் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தூதர் நகரில் ஒரு வகுப்பறை

புதுதில்லியில் அயல்நாட்டுத் தூதரகங்கள் நிறைந்த பகுதி சாணக்யபுரி. அரசியல் அறிஞர் சாணக்கியரின் பெயரைத் தாங்கிய இப்பகுதியின் சாலைகளுக்குச் சாந்தி பாதை, நீதி மார்க்கம், நியாய மார்க்கம், சத்திய மார்க்கம் எனப் பெயர்கள் வழங்குகின்றன. தலைநகருக்கு வரும் தமிழர் நன்கறிந்த தமிழ்நாடு இல்லமும் இப்பகுதியிலேயே உள்ளது.

தூதரின் தொழில் பேசுவது என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், எதிரில் இருப்பவர் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் கேட்டறியாத தூதர் தம் பணியில் வெல்வதில்லை. இத்தகைய தூதர்கள் வாழும் பகுதியில், சான் மார்ட்டின் மார்க்கத்தில், 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜீசஸ் அண்டு மேரி கல்லூரி அமைந்துள்ளது. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இம்மகளிர் கல்லூரியில் உளவியல், இளங்கலைச் சிறப்புப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. மனிதர் உள்ளத்தை அறிவதற்கும், துயருற்றோர் சொல்வதைக் கேட்பதற்குமான அடித்தளம் இத்தகைய வகுப்பறைகளில்தான் இடப்படுகிறது.

மேனிலை வகுப்பில் பயிலும் மாணவர் சிலர், “தோழர்கள் எல்லாரும் என்னிடமே வந்து அறிவுரை கேட்கின்றனர். ஆகவே, நான் உளவியல் படிக்கப் போகிறேன்” என்று கூறுவதுண்டு. பிறர்மீது கொண்ட பரிவு இக்கல்விக்கு நல்ல தொடக்கமே. எனினும், இக்கூற்றில் ஒரு பிழை மறைந்திருக்கிறது. அறிவுரை கூறுதலும் ஆற்றுப்படுத்துதலும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை உணர்வதே இக்கல்வியின் முதற்படி.

உளவியல் ஓர் அறிவியல்

உளவியல் என்னும் துறைப்பெயர் புதிது. உள்ளத்தை உற்றுநோக்கும் பழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை அது வகுத்துக் கூறுகிறது. ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்றும் அது கணக்கிடுகிறது. உள்ளத்தில் எழும் உணர்வு மெய்யின்கண் வெளிப்படும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்தனர்.

இவ்வாறு உற்றுநோக்கியவற்றை அளந்தும் ஆய்ந்தும் சரிபார்க்கும் அறிவியலாக உளவியல் வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். செருமனியின் லைப்சிக் நகரில் 1879ஆம் ஆண்டு வில்லெம் வுண்ட் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவினார். இந்தியாவில் 1916ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கப்பட்டது. நரேந்திரநாத் சென்குப்தா அதன் முதல் தலைவர். 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் எம்.வி. கோபாலசுவாமி தலைமையிலும், 1943இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.டி. போவாஸ் தலைமையிலும் உளவியல் துறைகள் உருவாயின. மனநலத் துறையில் நாட்டின் தலையாய கல்வி நிறுவனமாகிய பெங்களூரு நிம்ஹான்ஸ், 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தோன்றி, 1974இல் இன்றைய வடிவத்தை அடைந்தது.

உளவியல் படித்தவர் பிறர் முகத்தைப் பார்த்த அளவில் அவர் நினைப்பதைச் சொல்லிவிடுவார் என்று கருதுவோர் உளர். அது பிழையான எண்ணம். இளங்கலை வகுப்பில் சேரும் மாணவி மூளையும் நரம்பு மண்டலமும் செயற்படும் முறை, புலன்காட்சி, கற்றல், நினைவு, மனித வளர்ச்சி, ஆளுமை, சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல் ஆகியவற்றைப் பயில்கிறாள். செய்முறை வகுப்பில் சோதனைகளை நடத்தி அறிக்கை எழுதுகிறாள். இவற்றோடு புள்ளியியலையும் கற்கிறாள்.

பிறர் துயரைக் கேட்க விரும்பி வந்தவர்க்குப் புள்ளியியல் எதற்கு? நம் மனம் நம்மையே ஏமாற்ற வல்லது என்பதே இதற்கு விடை. நாம் நம்புவதற்குச் சான்றாக அமையும் நிகழ்ச்சிகளை நினைவில் கொள்கிறோம், மாறானவற்றை மறந்துவிடுகிறோம். அதிகாலையில் எழுந்து படித்த அண்ணனுக்குத் தேர்வு அச்சம் நீங்கியது என்பதனால், அனைவர்க்கும் அதுவே மருந்தாகிவிடாது. எது பலருக்கும் பயன்படுகிறது, எது தற்செயலாக நேர்ந்தது என்று பிரித்தறிய எண்கள் உதவுகின்றன. ‘எனக்குத் தெரியும்’ என்னும் துணிவைச் சற்றே தளர்த்திக்கொள்ள இவ்வறிவியல் கற்பிக்கிறது. அத்தளர்ச்சி இல்லாதவரால் பிறர் சொல்வதைக் கேட்க இயலாது.

ஒரு கலைக்கு நான்கு பெயர்கள்

‘கவுன்சலிங்’ என்று பேச்சுவழக்கில் கூறப்படும் இக்கலைக்குத் தமிழில் பல பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பெயரும் அதைப்பற்றிய ஒரு கருத்தைத் தாங்கியுள்ளது.

கல்வியியல் நூல்களில் ‘வழிகாட்டலும் அறிவுரை பகர்தலும்’ என்னும் தொடர் நெடுநாளாக வழங்குகிறது. அறிந்தவர் அறியாதவர்க்கு எடுத்துரைத்தல் என்பது இதன் பொருள். செய்தித்தாள்களில் ‘மனநல ஆலோசனை’ என எழுதுகின்றனர். இருவரும் சேர்ந்து எண்ணிப்பார்த்தல் என்னும் கருத்து இதில் உண்டு. இலங்கைத் தமிழர் ‘உளவளத்துணை’ என்பர். நெடுங்காலப் போரையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் நிகழ்ந்த ஆழிப்பேரலையையும் கண்ட அம்மண்ணில் இத்துணையின் தேவை பெருகியது. போர் மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற வடுக்களை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து எழுதினார். ‘துணை’ என்னும் சொல், முன்னின்று இழுப்பவரையன்றி உடன் இருப்பவரையே குறிக்கிறது.

நான்காவது சொல் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்பது. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞரை வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை நூல்களை நீங்கள் அறிவீர்கள். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் அவ்வகையைச் சார்ந்தவை. அங்கு வழிகூறுபவர் தாமே பொருள் தருவதில்லை. கேட்பவரைத் தூக்கிச் செல்வதுமில்லை. நடப்பவர் கேட்பவரே. இன்றைய ஆற்றுப்படுத்துதல் இதனினும் ஒரு படி மேலே செல்கிறது. செல்லும் ஊரையும் வழியையும்கூடத் துணை நாடி வந்தவரே தேர்ந்துகொள்கிறார். ஆற்றுப்படுத்துநர் அதற்குரிய வெளிச்சத்தைத் தருகிறார்.

இச்சொல்லைக் கேட்கும்போது ‘ஆற்றுதல்’ என்னும் வேறொரு சொல்லும் நம் நினைவுக்கு வரும். கொதிக்கும் பாலை ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்கு மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுகிறோம். ஒரே கலத்தில் மூடிவைத்த பால் எளிதில் ஆறுவதில்லை. துயரும் அத்தகையதே.

இரண்டு உரையாடல்கள்

அறிவுரைக்கும் ஆற்றுப்படுத்துதலுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு கற்பனைச் சூழல்வழிக் காண்போம். பதினோராம் வகுப்பில் பயிலும் தமிழ் மாணவியர் இருவர் தில்லிப் பள்ளியொன்றின் மைதானத்தில் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தியின் தாத்தா சொந்த ஊரில் காலமாகி மூன்று வாரங்கள் ஆகின்றன. அவள் சரியாக உண்பதில்லை, வகுப்பிலும் பேசுவதில்லை.

முதல் உரையாடல்:

“தாத்தாவை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது.”

“அழாதே. வயதானவர்தானே? எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். என் பாட்டி இறந்தபோது நான் இரண்டே நாளில் தேறிவிட்டேன். நீ படிப்பில் கவனம் செலுத்து, எல்லாம் சரியாகிவிடும்.”

“சரி.”

உரையாடல் அத்துடன் முடிந்தது. கூறப்பட்டவை யாவும் நல்லெண்ணத்தில் பிறந்தவையே. ஆயினும், ‘சரி’ என்னும் அவ்விடைக்குப் பின்னே ஒரு கதவு மூடிக்கொண்டது.

இரண்டாம் உரையாடல்:

“தாத்தாவை நினைத்தால் இன்னும் அழுகை வருகிறது.”

“மூன்று வாரம் ஆகியும் உன் மனம் ஆறவில்லை.”

“ஆமாம். எல்லாரும் ஊருக்குப் போய்வந்தனர். எனக்குத் தேர்வு என்று என்னை மட்டும் அத்தை வீட்டில் விட்டுச்சென்றனர்.”

“உன்னை மட்டும் விட்டுச்சென்றது உனக்கு வருத்தமாக இருக்கிறது.”

“வருத்தம் மட்டுமில்லை, கோபமும் இருக்கிறது.”

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. தோழி அவ்விடத்தை விட்டு எழவுமில்லை, பேச்சை மாற்றவுமில்லை.

“உண்மையில் என்மேல்தான் கோபம். கடைசியாகத் தாத்தா அலைபேசியில் அழைத்தபோது, ‘படித்துக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுகிறேன்’ என்று சொல்லி வைத்துவிட்டேன். பிறகு பேசவே இல்லை.”

“அந்த அழைப்பு உன் நினைவைவிட்டு அகலவில்லை.”

“ஆமாம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.”

“இப்போது உனக்கு என்ன செய்யத் தோன்றுகிறது?”

“முதலில் அம்மாவிடம் சொல்ல வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போய்த் தாத்தா அமரும் திண்ணையில் சிறிது நேரம் உட்கார வேண்டும்.”

முதல் உரையாடலில் தோழி விடை கூறிய துயர் வேறு. அவளுடைய உண்மைத் துயர் வேறு. முதுமையில் நேரும் இறப்பு இயல்பானது என்று சொல்லி, எடுக்காமல் போன பேச்சுக்கான குற்றவுணர்வை ஆற்ற முடியாது. அக்குற்றவுணர்வு வெளிப்பட இரண்டாம் உரையாடலில்தான் இடம் கிடைத்தது. ஊருக்குச் செல்லும் வழியையும் அவளே கண்டாள். தோழி அதைக் கூறவில்லை.

பயிற்சியால் வரும் திறன்கள்

இரண்டாம் உரையாடலில் கண்டவற்றை உளவியல் மாணவர் தனித்தனித் திறன்களாகப் பகுத்துப் பயில்கின்றனர்.

கவனித்து அமர்தல் முதல் திறன். அலைபேசியை ஒதுக்கிவைத்து, முகம் நோக்கி அமர்ந்து, கண்ணும் செவியும் ஒருங்கே ஈடுபடுதல் இதன் இலக்கணம். இரண்டாவது, திறந்த வினா எழுப்புதல். ‘வருத்தமா?’ என்று வினவினால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்பதே விடையாகும். ‘என்ன செய்யத் தோன்றுகிறது?’ என்று வினவினால் விடைக்கு எல்லையில்லை. மூன்றாவது, மீளுரைத்தல். கேட்டவற்றின் சாரத்தைச் சுருங்கச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று அறிதல் அது. நான்காவது, உணர்வை எதிரொளித்தல். நிகழ்ச்சியை மட்டுமன்றி, அதன் பின்னுள்ள வருத்தத்தையோ சினத்தையோ பெயரிட்டுக் கூறுதல் அது. ஐந்தாவது, மௌனம் காத்தல். பயிற்சியில் மிகக் கடினமானது இதுவே. பேச்சின் இடைவெளியை நிரப்பத் துடிக்கும் நாவை அடக்கினால்தான் சொல்லாத்துயர் சொல்லாக மாறும்.

பயிற்சி வகுப்புகளில் மும்மூவராக அமர்வது வழக்கம். ஒருவர் தம் வாழ்வின் சிறிய இடர் ஒன்றைக் கூறுவார். மற்றொருவர் ஆற்றுப்படுத்துநராக இருந்து கேட்பார். மூன்றாமவர் குறிப்பெடுத்து, எவ்விடத்தில் இடைமறித்தார், எவ்விடத்தில் அறிவுரை நுழைந்தது என்று பின்னர் எடுத்துக்கூறுவார். பின்பு மூவரும் இடம் மாறுவர். தம் பேச்சின் பதிவை மீண்டும் கேட்கும்போதுதான், தாம் எவ்வளவு குறைவாகக் கேட்டிருக்கிறோம் என்பது பலருக்கும் விளங்குகிறது.

இத்தகைய பயிற்சிக்கு வழிவகுத்தவருள் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். உரிய ஒப்புதலுடன் தம் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு சொல்லையும் ஆய்வுக்கு உட்படுத்தினார். தம்மிடம் வருவோரை நோயாளர் என அழைப்பதை அவர் விரும்பவில்லை. துணை நாடி வருவோர் என்னும் பொருள்படவே அழைத்தார். ஆற்றுப்படுத்துநரிடம் இருக்கவேண்டிய பண்புகளை 1957இல் வெளியான கட்டுரையொன்றில் அவர் விளக்கினார். துணை நாடுவோரின் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையின்றி அவரை மதித்து ஏற்றல், போலியின்றி இருத்தல் என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. இவற்றை மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடலாம். மனத்தில் பதியச் செய்ய நெடுநாள் பயிற்சி வேண்டும்.

துயரின் மொழி

தில்லியில் வாழும் தமிழ் மாணவர்க்கு இங்கு ஒரு தனிப்பொறுப்பு உண்டு. பல்கலைக்கழகத்தில் உளவியலை ஆங்கிலத்தில் கற்கின்றனர். துயருற்ற மனிதரோ தம் தாய்மொழியில்தான் துயருறுகிறார்.

ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்து தங்கியிருக்கும் மூதாட்டி ஒருவரை எண்ணிப்பாருங்கள். ‘எனக்கு மனச்சோர்வு’ என்று அவர் கூறமாட்டார். ‘நெஞ்சு அடைக்கிறது’, ‘மனசு பாரமாக இருக்கிறது’, ‘எதிலும் ஒட்டவில்லை’, ‘வயிற்றைப் பிசைகிறது’ என்பார். இவற்றுள் சில உடல்நோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ஆகவே மருத்துவரிடம் காட்டுதல் கடமை. உடலில் குறையில்லை என மருத்துவர் கூறியபின்னும் அச்சொற்கள் தொடருமாயின், அவை எதைச் சுட்டுகின்றன என்று கேட்டறிய வேண்டும். ‘ஒட்டவில்லை’ என்னும் ஒரு சொல்லில் அண்டை வீட்டார் மொழி தெரியாத தனிமையும், பேச ஆளில்லாத பகற்பொழுதும் அடங்கியிருக்கக்கூடும்.

தாய்மொழியில் உணர்வுச் சொற்கள் குறைந்தவர்க்குப் பிறர் உணர்வைப் பெயரிடுவது அரிது. வருத்தம், ஏக்கம், ஆற்றாமை, மனக்கசப்பு, குற்றவுணர்வு, தவிப்பு ஆகியவை ஒருபொருட்சொற்கள் அல்ல. ஏக்கத்தில் இருப்பவரிடம் ‘உனக்கு வருத்தம்’ என்றால், அவர் பாதியளவே புரிந்துகொள்ளப்பட்டதாக உணர்வார். நீங்கள் கற்கும் தமிழ் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. நாளை ஒருவர் தம் துயரைச் சொல்லும்போது அதைப் புரிந்துகொள்ளும் கருவியாகவும் அது அமையும்.

மறைகாப்பும் அதன் எல்லையும்

தம்மிடம் கூறப்பட்டதைப் பிறரிடம் கூறாமை ஆற்றுப்படுத்துநரின் அடிப்படை அறம். இதனை மறைகாப்பு என்பர். சிகிச்சை பெறுவோர் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் வழங்குகிறது.

ஆயினும், இவ்வறத்திற்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து நேரும் நிலையில் உரியவரிடம் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே, தேர்ந்த ஆற்றுப்படுத்துநர் தொடக்கத்திலேயே இவ்விதியைத் துணை நாடுவோரிடம் எடுத்துக்கூறிவிடுவார்.

மாணவர்களே, இவ்வெல்லை உங்களுக்கும் உரியது. உங்கள் தோழர் ஒருவர், ‘வாழப் பிடிக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே’ என்று கூறினால், அம்மறையை நீங்கள் தனியே சுமக்கக் கூடாது. அவருடன் இருங்கள்; தனியே விட்டுவிடாதீர்கள்; ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ உடனே தெரிவியுங்கள். அது நட்புக்கு இழைக்கும் துரோகம் அன்று. அவர் சில நாள் உங்கள்மீது சினம் கொள்ளலாம். சினம் கொள்ள அவர் உயிரோடு இருப்பதே முதன்மை.

அறிவியல் வழியில் உதவி பெற வாயில்கள் பல உள்ளன. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா அமைப்பு, தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கொண்டோரின் பேச்சைச் செவிமடுத்துத் துணைநின்று வருகிறது. அங்கே கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

கல்வியின் படிநிலைகள்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் உளவியல் விருப்பப் பாடமாக உள்ளது. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இளங்கலை சேர 2022 முதல் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு நடைமுறையில் உள்ளது. இளங்கலைப் பட்டம் உளவியலின் அடித்தளத்தைத் தரும். அதனைக் கொண்டே ஒருவர் ஆற்றுப்படுத்துநராகிவிட முடியாது. முதுகலைப் படிப்பும், தேர்ந்தவரின் மேற்பார்வையில் பெறும் களப்பயிற்சியும் தேவை. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற விரும்புவோர், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற பயிற்சியை முடித்து, அதன் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். உளமருத்துவரோ மருத்துவப் படிப்பு முடித்தவர்; மருந்து எழுதித் தருபவர். இவ்வேறுபாடுகளை அறிந்திருத்தல், படிக்க விரும்புவோர்க்கும் உதவி நாடுவோர்க்கும் நன்று.

இத்தனை ஆண்டுகள் பயிலவேண்டுமா என்று தோன்றலாம். பிறர் உடலைத் தொட்டுச் சிகிச்சை அளிப்பவர் ஆண்டுக்கணக்கில் கற்கிறார். உள்ளத்தைத் தொடுபவர்க்கும் அக்கவனம் வேண்டாவா?

‘தோழர்கள் என்னிடம் அறிவுரை கேட்கின்றனர்’ என்று கூறிய மாணவர் உளவியல் வகுப்பில் சேரட்டும். சில ஆண்டுகளுக்குப் பின் அதே தோழர் மீண்டும் வந்து அமர்வார். அப்போது அவருக்குச் சொல்வதற்குப் பல செய்திகள் இம்மாணவரிடம் இருக்கும். ஆயினும், முதலில் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பார்.

தெரிந்து தெளிவோம்

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1998 முதல் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் தேர்வுக்கால உளவியல் ஆலோசனையை இலவசமாக வழங்கிவருகிறது.

தமிழகத்தில் ‘கவுன்சலிங்’ என்னும் சொல் கல்லூரி மாணவர் சேர்க்கையையும் குறிக்கும். அப்பொருளில் ‘கலந்தாய்வு’ என்பதே வழங்கும் தமிழ்ச்சொல்.

சொல்லும் பொருளும்

செவிமடுத்தல் – கவனமாகக் கேட்டல்
இளிவரல் – இழிவு கருதித் தோன்றும் உணர்வு
மருட்கை – வியப்பு
வெகுளி – சினம்
உவகை – மகிழ்ச்சி
பரிசில் – புரவலர் வழங்கும் கொடை
ஆற்றாமை – பொறுக்க இயலாத நிலை
மறைகாப்பு – இரகசியம் காத்தல்

இலக்கணக் குறிப்பு

கண்ணும் செவியும் – எண்ணும்மை
சொல்லாத்துயர் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
நெடுநாள் – பண்புத்தொகை
செவிமடுத்தல் – தொழிற்பெயர்

பகுபத உறுப்பிலக்கணம்

உணர்ந்தனர் – உணர் + த்(ந்) + த் + அன் + அர்
உணர் – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி.

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இந்தியாவில் 1916ஆம் ஆண்டு உளவியல் துறை தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம்
அ) மைசூர் ஆ) கல்கத்தா இ) சென்னை ஈ) தில்லி

2. மெய்ப்பாட்டியல் இடம்பெற்றுள்ள அதிகாரம்
அ) எழுத்ததிகாரம் ஆ) சொல்லதிகாரம் இ) பொருளதிகாரம் ஈ) மூன்றும்

3. ‘உளவளத்துணை’ என்னும் சொல் மிகுதியாக வழங்கும் நாடு
அ) மலேசியா ஆ) சிங்கப்பூர் இ) இந்தியா ஈ) இலங்கை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. திறந்த வினா என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. கார்ல் ரோஜர்ஸ் குறிப்பிட்ட தலையாய மூன்று பண்புகள் யாவை?
3. மறைகாப்பின் எல்லை யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. உளவியல் மாணவர் புள்ளியியல் கற்பது ஏன்?
2. ஆற்றுப்படை நூல்களில் வழிகூறுபவரையும் இன்றைய ஆற்றுப்படுத்துநரையும் ஒப்பிடுக.

ஈ. விரிவான விடை எழுதுக.

‘அறிவுரை கூறுதலும் ஆற்றுப்படுத்துதலும் ஒன்றல்ல’ – இக்கருத்தைப் பாடத்திலுள்ள இரண்டு உரையாடல்களின் துணைகொண்டு நிறுவுக.

உ. மொழித்திறன்

1. பிரித்து எழுதுக: ஆற்றுப்படுத்து, மெய்ப்பாடு, உளவளத்துணை.
2. ஏக்கம், தவிப்பு, மனக்கசப்பு ஆகிய சொற்களின் பொருள் வேறுபாடு விளங்குமாறு தனித்தனித் தொடர் அமைக்க.

ஊ. செயல்பாடு

1. வகுப்பில் மும்மூவராக அமர்க. ஒருவர் ஐந்து நிமிடம் தம் அண்மை அனுபவம் ஒன்றைக் கூறுக. மற்றொருவர் அறிவுரை ஏதும் சொல்லாமல் கேட்டு, இறுதியில் கேட்டதன் சாரத்தைக் கூறுக. மூன்றாமவர் குறிப்பெடுக்க. கேட்டவர் எத்தனை முறை இடைமறித்தார் என்பதை மூவரும் கலந்துரையாடுக.

2. உங்கள் வீட்டுப் பெரியோர் மனத்துயரைக் குறிக்கப் பயன்படுத்தும் தொடர்கள் பத்தினைக் கேட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றும் எந்த உணர்வைக் குறிக்கிறது என எழுதுக.